பால்பொடி டப்பாவில் உன் வார்டு

நேற்று அலுவலகத்தில் வெள்ளையடிக்க ஆட்கள் வந்தார்கள். அலமாரிகளை நகர்த்த வேண்டியிருந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஸ்டூலில் ஏறி மேல்தட்டைக் காலிசெய்துகொண்டிருந்தாள். உடைந்த ஸ்டேப்ளர், பழைய காலண்டர், காய்ந்துபோன கோந்துக் குப்பி என்று ஒவ்வொன்றாக இறக்கியவள், ஒரு பால்பொடி டப்பாவை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினாள்.

"அக்கா, இதுக்குள்ள ஒண்ணும் இல்ல போல. தூரப் போடட்டா?"

"இங்க தா மக்கா" என்று கை நீட்டி வாங்கினேன்.

மூடி இறுகிக் கிடந்தது. ஸ்பூன் காம்பால் நெம்பினேன். திறந்ததும் அந்த வாசனை. பால்பொடி தீர்ந்து எத்தனையோ வருடமாகியும் இனிப்பும் லேசான காறலும் கலந்து தகரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் வாசனை. அடியில் நான்காக மடித்த ஒரு துண்டுத் தாள். அதை நான் பிரித்துப் பார்க்கவில்லை. உன் வார்டின் எண் அதில் எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். நீ இருந்தவரைக்கும் அந்த எண் ஒருநாளும் இந்த டப்பாவுக்குள் கிடந்ததில்லை. நீதான் போட விடவில்லை.

அது எப்படி உள்ளே வந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்ல முதலிலிருந்து எல்லாவற்றையும் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. உனக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் கேள்.

நாகர்கோவிலில் நாம் மூன்று வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பொருளாதாரம் படித்தோம். நீ மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து பஸ்ஸில் வருவாய். உன் செருப்பில் எப்போதும் கொஞ்சம் கறுத்த மணல் ஒட்டியிருக்கும். நான் வயல்பக்கத்துப் பிள்ளை. மத்திய அரசு மாநிலங்களுக்கும் ஊர்களுக்கும் எப்படிப் பணம் பகிர்ந்து தருகிறது என்று ஒரு பாடம் இருந்ததே, நினைவிருக்கிறதா? அந்த வகுப்பில்தான் நாம் அதிகம் தூங்கினோம். பரீட்சைக்கு முந்தின நாள் ஒருவருக்கொருவர் ஒப்பித்துக்கொண்டு எப்படியோ தேறினோம்.

பிறகு நீ இந்த ஊருக்குக் கல்யாணமாகி வந்தாய். உன் வீட்டுக்காரர் மஸ்கட்டுக்கும் இங்குமாக இருந்தார். உன் வார்டு பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டபோது நீ சுயேச்சையாக நின்று ஜெயித்தாய். நான் இதே நகராட்சியில் ஒப்பந்தச் சம்பளத்தில் சமுதாய அமைப்பாளராக இருந்தேன். மகளிர் குழுக்களைக் கவனிப்பது, மன்றக் கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பது, இதுதான் என் வேலை. உன் முதல் கூட்டத்தில் மத்திய அரசு மானியம் பற்றிய தீர்மானத்தை வாசித்தபோது நீ திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாய். வெளியே வந்ததும் சொன்னாய்:

"ஏட்டி, பரிச்சைக்குப் படிச்சது வாழ்க்கையில வரும்னு நம்மளுக்கு யாரும் சொல்லல்லியே."

ஊரில் அந்தப் பணத்துக்கு டெல்லிப் பைசா என்று பெயர். ஆண்டுக்கு இரண்டு தவணையாக வரும். அதில் பெரும்பகுதியைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவழிக்க வேண்டும். ஒரு தவணையைச் செலவழித்து முடித்துச் சான்றிதழ் அனுப்பினால்தான் அடுத்த தவணை. இவ்வளவுதான் விதி. ஆனால் பணம் வந்ததும் நம் ஊரில் நடந்தது வேறு. வார்டுகளின் எண்ணிக்கையால் அதை வகுத்து, ஆளுக்கு ஒரு பங்கு என்று எடுத்துக்கொள்வார்கள். யாருக்கும் மனக்குறை இல்லாத ஏற்பாடு. ஒரு வார்டில் பாதித் தெருவுக்கு ஓடை கட்டுவார்கள். ஓடை நின்ற இடத்தில் யாரோ ஒருவர் வீட்டு வாசல் சாக்கடையாகும். இன்னொரு வார்டில் குழாயடிக்கு மேடை மட்டும் வரும். குழாய் அடுத்த தவணையில் வரவேண்டும். இத்தனை சின்ன வேலைக்கு நல்ல ஒப்பந்தக்காரர் எவரும் வருவதில்லை. வந்தவர் ஒரு வார்டில் வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் போனால் மொத்த ஊருக்கும் சான்றிதழ் நின்றுபோகும்; அடுத்த பணம் பிந்தும்.

"கல்யாண வீட்டுப் பாயசத்த ஊருல எல்லாருக்கும் ஸ்பூன் ஸ்பூனா ஊத்திக் குடுத்த மாதிரில்லா இருக்கு" என்றாய். "ஒருத்தனுக்கும் இனிச்சதாட்டு தெரியல்ல."

அன்றைக்கு அதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னாய். உன்னை மாற்றியது சந்தை.

அலுவலகத்துக்குப் போகும் வழியில் நாம் இருவரும் மீன் வாங்கப் போவோம். நீ போனால் அங்கே தனி மரியாதை. உன் பேச்சைக் கேட்டதுமே கடற்கரைப் பிள்ளை என்று தெரிந்துவிடும். அயிலைக்குச் சொல்லும் விலையும் இறங்கிவிடும். அன்று சாரல் அடித்துக்கொண்டிருந்தது. நீ சாயாக்கடையில் கட்டன் சாயா வாங்கி, ஒன்றைப் பிலோமி அக்காவிடம் நீட்டினாய். நாம் வழக்கமாக மீன் வாங்குவது அவரிடம்தான்.

"வேண்டாம் மக்களே."

"ஏன் அக்கா? கருப்பட்டிச் சாயா. தணுப்புக்கு நல்லதுல்லா?"

"குடிச்சா போவணும். போணும்னா எங்க போவ? நம்ம மொகத்தப் பாத்து மூத்திரம் நிக்குமா?"

சுற்றியிருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். பக்கத்தில் சாளை விற்றுக்கொண்டிருந்த பெண் சொன்னாள், "விடியக்காலம் வீட்டுல ஒரு வாய் வெள்ளம் குடிச்சா, பின்ன சாயங்காலம் பஸ் எறங்கி வீட்டுக்குப் போயிதான் அக்கா." பிலோமி அக்கா கத்தியை உரசிக்கொண்டே, "கடலு நெறைய வெள்ளம். நமக்கு ஒரு வாய் குடிக்கப் பயம்" என்றார். மறுபடியும் சிரிப்பு.

நீ சிரிக்கவில்லை. அந்தச் சாயாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாய். இது உனக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் தெரிந்திருப்பது வேறு, கையில் வாங்கின சாயா ஆறிப்போவதைப் பார்ப்பது வேறு என்று எனக்குத் தோன்றியது. அலுவலகத்துக்கு நடந்தோம். வாசலில் நின்று சொன்னாய்:

"ஏட்டி, இவியளுக்கு இங்க ஓட்டு இல்ல. அதான் சங்கதி."

அதுதான் சங்கதி. அவர்களுடைய ஓட்டு கடற்கரை ஊர்களில். அங்கே போய்க் கேட்டால் சந்தை டவுனில்தானே இருக்கிறது என்பார்கள். இங்கே கேட்டால் அவர்கள் நம் ஊர்க்காரர்கள் இல்லையே என்பார்கள். டெல்லிப் பைசாவை வார்டுவாரியாக வகுத்தால் எந்தக் காலத்திலும் அது அந்தப் பெண்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு வந்து சேராது.

அடுத்த மன்றக் கூட்டத்தில் நீ எழுந்து, சந்தையில் பெண்களுக்குத் தண்ணீர் வசதியோடு கழிப்பறை கட்ட வேண்டும் என்றாய். மானியத்தை இந்தத் தவணை மட்டும் பிரிக்காமல் தாருங்கள் என்று கேட்டாய். முதலில் எழுந்தவர் தங்கராஜ் அண்ணன். பட்டாளத்தில் இருந்து வந்தவர், மலைச்சரிவு வார்டின் உறுப்பினர். அவருடைய குரலுக்கு மைக் தேவைப்பட்டதில்லை.

"எங்க வார்டுல குடிக்க வெள்ளம் லாரியில வருது. குடத்த வச்சுக்கிட்டு பொம்பளைய அடிபிடி கூடுதாவ. இவ கடப்புறத்துக்காரிக்குக் கக்கூஸ் கெட்டணும்னு நிக்கா. ஒங்க ஊரு ஆளுக்குச் செய்யணும்னா ஒங்க ஊருல போயி நில்லும்மா."

"அண்ணே, மத்தியானம் அவிய கொண்டுவந்த மீனத்தான சோத்துக்குக் கூட்டுதீங்க?"

"பைசா குடுத்துல்லா கூட்டுதோம்!"

மன்றம் முழுக்கச் சிரித்தது. உன் கோரிக்கையை ஒத்திவைத்தார்கள். நான் குறிப்பில் 'விவாதிக்கப்பட்டது' என்று எழுதினேன்.

அன்று சாயங்காலம் உன் வீட்டில் மாதச் சீட்டு. உன் தெருப் பெண்களுக்கு நீ பல வருடமாகச் சீட்டு நடத்திவந்தாய். ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டு, மொத்தத்தையும் ஒருத்தி எடுத்துக்கொண்டு போக வேண்டும். பெயர்த் துண்டுகளை உன் வீட்டுக்காரர் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த பால்பொடி டப்பாவில் போட்டுக் குலுக்குவாய். முதல் மாதத் தொகை சீட்டு நடத்துகிறவளுக்கு; அதில் குலுக்கல் கிடையாது. எடுத்தவர்கள் எல்லோரும் கடைசி ஆள் எடுக்கும்வரை ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். அன்று யாருக்கோ விழுந்தது. மகளுக்கு வளையல் வாங்கப் போவதாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டே போனாள். எப்போதோ எடுத்துச் செலவழித்து முடித்தவர்களும் முகம் சுளிக்காமல் அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். நீ டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாய்.

"ஏட்டி, இதையே அங்க செஞ்சா என்ன?"

"கிறுக்கா ஒனக்கு? அரசாங்கப் பைசாவ சீட்டு போடவா?"

"பைசாவ இல்லட்டி. மொறைய."

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இத்தனை வருடம் கோப்புகளுக்குள் உட்கார்ந்திருந்தவள் நான். அது என் தலையில் தோன்றவில்லையே என்று ஒரு சின்னப் பொறாமைகூட வந்தது.

அடுத்த கூட்டத்துக்கு முன்னால், மன்றத்தை ஒட்டிய சின்ன அறையில் எல்லோரையும் கூப்பிட்டு ரசவடையும் சாயாவும் வாங்கிக்கொடுத்தாய். அடுத்தடுத்து இருக்கும் வார்டுகளைச் சேர்த்து ஆறு கூட்டமாக்குவோம் என்றாய். குடிநீருக்கும் சுகாதாரத்துக்குமான பணத்தைப் பிரிக்காமல் ஒவ்வொரு தவணையும் ஒரு கூட்டத்துக்கு. அந்தப் பகுதியில் ஒரே வேலை, முழு வேலை. மற்றப் பணத்தைப் பழையபடி பிரித்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு வேலைக்கும் மன்றத் தீர்மானமும் டெண்டரும் முறைப்படி நடக்கும். யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு என்பது மட்டும் நமக்குள். ஒருமுறை எடுத்த கூட்டம் மற்றவர்கள் எல்லோரும் எடுக்கும்வரை மன்றத்தில் அவர்களுக்காகக் கை தூக்க வேண்டும். கடைசியாக எடுத்தவர்தான் அடுத்தவருக்குத் துண்டு எடுத்துக்கொடுக்க வேண்டும்.

பெரிய விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. அந்த அறையில் இருந்த எல்லோருடைய வீட்டிலும் யாராவது ஒருவர் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். தங்கராஜ் அண்ணன் மட்டும் மீசையைத் தடவிக்கொண்டு, "மொதல்ல யாருக்கு?" என்றார்.

"சீட்டு பிடிக்கவளுக்குத்தான அண்ணே மொதச் சீட்டு? எல்லா எடத்துலயும் உள்ளதுதான?"

தங்கராஜ் அண்ணன் ஒரு வடையை எடுத்துக்கொண்டார்.

"ஆகட்டு. ஒனக்க வார்டுல என்ன செய்யப்போற?"

"எனக்க வார்டுல ஒண்ணும் இல்ல. எனக்க சீட்டு சந்தைக்கு."

வடையைக் கடித்தவர்கள் கடித்தபடி இருந்தார்கள். சரோஜம் அக்காதான் முதலில் வாய் திறந்தார். உன் வார்டுக்குப் பக்கத்து வார்டின் உறுப்பினர், உன்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். "பிள்ள, ஒனக்கு மண்டைக்குச் சுகமில்லியா? மழ பெய்தா ஒனக்க தெருவுல வெள்ளம் வீட்டுக்குள்ள ஏறுதுல்லா? ஓட மொதல்ல ஒனக்குத்தான வேணும்?"

"ஏறட்டு அக்கா. பின்ன பாக்கலாம்."

அந்த ஆறு கூட்டத்தில் உன் வார்டை நீ எதிலும் சேர்க்கவில்லை. நம்ம சீட்டை எடுத்தாச்சு என்றாய். அவ்வளவுதான்.

சந்தையில் கட்டடம் வந்தது. வெள்ளை டைல்ஸ், உள்ளே தண்ணீர், வெளியே பூட்டு. சாவியைப் பிலோமி அக்காவிடம் கொடுத்தோம். கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் நாம் போனோம். பிலோமி அக்கா மறுபடியும் சாயா வேண்டாம் என்றார். உன் முகம் மாறிவிட்டது. சாவியை வாங்கிப் போய்த் திறந்தாய். உள்ளே சுவரோரமாக மீன் பெட்டிகள் அழகாக அடுக்கியிருந்தன. மேலே ஐஸ், ஈரச்சாக்கு. ஒரு சொட்டு அழுக்கு இல்லை.

"என்ன அக்கா இது?"

"இம்புட்டு நல்ல டைல்சு போட்ட எடத்துல போயி அந்தக் காரியம் பண்ண மனசு வருமா மக்களே? நம்ம வீட்டு அடுக்களையிலகூட இப்பிடி இல்ல. மீனு இங்க கெடந்தா சாயங்காலம் வர வாடாம கெடக்கு."

நீ கழிப்பறைப் படியில் உட்கார்ந்து சிரித்தாய். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாய். ஆனால் நகராட்சிப் பொறியாளருக்குச் சிரிப்பு வரவில்லை. நோட்டீஸ் ஒட்டப்போவதாகச் சொன்னார். நீ அவரைக் கூட்டிக்கொண்டு வந்து கட்டடத்தின் பக்கச் சுவரைக் காட்டினாய். அதன் மேல் ஒரு சாய்ப்பு இறக்கி, கீழே அதே வெள்ளை டைல்ஸில் ஒரு மேடையும் ஒரு குழாயும். மிச்சமிருந்த டைல்ஸே போதும் என்றார் மேஸ்திரி. மேடை முடிந்த அன்றே பெட்டிகள் வெளியே வந்துவிட்டன. பிறகு ஒருநாள் நாம் போனபோது பிலோமி அக்கா நம்மைப் பார்த்ததும் சாயாக்கடையை நோக்கிக் கத்தினார்: "மக்கா, மூணு சாயா போடு! எனக்குப் பெரிய கிளாசுல!"

நீ சாளையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அதன் பிறகு உன் வீட்டு டப்பா ஆறு கூட்டத்தின் துண்டுகளோடு அலுவலகத்துக்கு வந்து ஓட ஆரம்பித்தது. சரோஜம் அக்காவின் கூட்டத்துக்கு முதலில் விழுந்தது; தெருமுனையில் தொடங்கி ஆறுவரைக்கும் ஒரே ஓடை. இன்னொரு கூட்டத்துக்கு மேல்நிலைத் தொட்டி. மற்றொன்றுக்கு மட்கும் குப்பையை உரமாக்கும் கொட்டகை. முழு வேலை என்பதால் ஒழுங்கான ஒப்பந்தக்காரர்கள் வந்தார்கள். சான்றிதழ் நேரத்துக்குப் போயிற்று. பணம் நேரத்துக்கு வந்தது. தங்கராஜ் அண்ணனுக்கு மட்டும் விழவே இல்லை. ஒவ்வொரு தடவையும் முறைப்பார்.

"எனக்க துண்டப் பசை தடவி அடியில ஒட்டி வச்சிருக்கா இவ."

"அண்ணே, பட்டாளத்துல வரிசையில நிக்கப் படிச்சவருதான நீங்க?"

"அங்க வரிசை நகருமே பிள்ள!"

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது உன் தெருவில் தென்மேற்குப் பருவத்து இடவப்பாதி மழையும் வந்தது, ஐப்பசி மழையும் வந்தது. ஓடையில்லாத தெருவில் தண்ணீர் படியேறி உன் வீட்டு முன்னறைக்குள் வந்தது. ஒரு நாள் சேலைக் கரை நனைந்து சேறாக, என் வீட்டு வாசலில் வந்து நின்றாய். எதிர்வீட்டுப் பெண் தெருவில் வைத்து உன்னைக் கேட்டிருக்கிறாள்: ஓட்டுப் போட்டது நாங்க, கக்கூசு மீங்காரிக்கா?

"நீ என்ன சொன்ன?"

"வெள்ளம் எனக்க வீட்டுலயும்தான ஏறுதுன்னு சொன்னேன்."

"அது பதிலாட்டி?"

சேலையைப் பிழிந்துகொண்டே சொன்னாய், "இல்லதான்."

அந்த 'இல்லதான்' என்னை நெடுநாள் தொந்தரவு செய்தது. நீ விட்டுக்கொடுத்தது உன்னுடையது மட்டுமில்லை, அந்தத் தெருவினுடையது. எதிர்வீட்டுப் பெண் கேட்டதில் நியாயம் இருந்தது. பிலோமி அக்காவின் பெரிய கிளாஸிலும் நியாயம் இருந்தது. இரண்டையும் ஒரே தவணையில் வைக்க முடியாது என்பதுதான் உன் முன்னால் இருந்தது. நீ ஒன்றை எடுத்தாய். மற்றதன் ஈரத்தில் நடந்துகொண்டே இருந்தாய். நீ செய்தது சரியா என்று இப்போது யாராவது என்னைக் கேட்டால் சட்டென்று ஆமாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீ அந்த ஈரத்தை மறைத்துக்கொண்டதில்லை.

பிறகு உன் உடம்பு. நெய்யூர் ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்த நாட்களில் ஒரு சாயங்காலம் நான் மட்டிப்பழம் வாங்கிக்கொண்டு வந்தேன். நீ பழத்தைத் தொடவில்லை. அடுத்த தவணை எப்போது என்று கேட்டாய். தங்கராஜ் அண்ணனின் கூட்டம் மட்டும்தான் பாக்கி என்றாய்.

"டப்பா அலமாரியில இருக்குல்லா? பாத்துக்கோ."

"நீ வந்து குலுக்கு. நான் ஏன் பாக்கணும்?"

"ஒரே ஒரு துண்டுதானட்டி கெடக்கு. குலுக்க என்ன இருக்கு?"

நீ சிரித்தாய். நானும் சிரித்தேன்.

நீ போன பின் உன் நாற்காலி காலியாகவே இருந்தது. இடைத்தேர்தல் வரவில்லை. தவணை மட்டும் வந்தது. இத்தோடு இந்த மானியக் காலம் முடிகிறது, அடுத்து எப்படி என்று இன்னும் தெரியாது என்று ஆணையர் சொன்னார். அது பரவியதும் பேச்சும் மாறியது. மன்றக் கூட்டத்துக்கு முன்னால் அந்தச் சின்ன அறையில் எல்லோரும் சேர்ந்தார்கள். வழக்கத்தை விடாமல் ரசவடை வந்திருந்தது. நான் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"ஆளே போயாச்சு. பாவம், நல்ல பிள்ள. ஆனா சீட்டு பிடிச்சவ போனா சீட்டு முறிஞ்சுதுன்னுதான கணக்கு? கடைசித் தவண வேற. பழையபடி பிரிச்சுக்குவம்."

சிலர் தலையாட்டினார்கள். அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே எடுத்துவிட்டவர்கள். எடுக்காத கூட்டத்துக்குக் கைதூக்க ஆள் குறைவு. மலைச்சரிவில் இன்னமும் லாரிதான் தண்ணீர் கொண்டுவந்தது. தங்கராஜ் அண்ணன் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ தோளில் கிடந்த துண்டின் நுனியைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நீ கழிப்பறை கேட்ட அன்று மன்றத்தில் உன்னை என்னவெல்லாம் சொன்னார் என்று அப்போது அவருக்கு நினைவு வந்திருக்கலாம். எனக்கு அது தெரியாது.

நான் அங்கே பேசும் உரிமை இல்லாதவள். என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். மடியிலிருந்த டப்பாவை எடுத்து மேசையின் நடுவில், வடைத்தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

சரோஜம் அக்கா அதைப் பார்த்தார். பிறகு எல்லோரையும் பார்த்தார்.

"சீட்ட எடுத்துட்டு ஓடினவன்னு எனக்க வாசல்ல வந்து ஒருத்தரும் சொன்னதில்ல. எனக்க மாமியா இதக் கேட்டா என்ன அடுக்களைக்குள்ள கேற்றமாட்டா. பிரிக்கணும்னா நல்லா பிரிங்க. மொதல்ல எனக்க ஓடையத் தோண்டி எடுத்துத் தாறேன். அதையும் சேத்துப் பிரிங்க. தொட்டி வாங்கினவரு தொட்டிய எறக்கிக் கொண்டுவாங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தொட்டி வாங்கியவர், "ஏன் அக்கா, தொட்டிய நான் எப்பிடிச் சொமந்து கொண்டுவர?" என்றார். அதோடு அறையில் இருந்த இறுக்கம் போயிற்று. பிரிப்போம் என்று சொன்னவர் சாயா கிளாஸைத் தேட ஆரம்பித்தார்.

கடைசியாக எடுத்தவர்தான் அடுத்தவருக்கு எடுக்க வேண்டும் என்பது உன் விதி. உரக்கொட்டகை வாங்கியவர் டப்பாவுக்குள் கையை விட்டு, ஒரே துண்டுதான் கிடக்கிறது என்று தெரிந்தும் இரண்டு சுற்றுச் சுற்றி எடுத்துத் தங்கராஜ் அண்ணனிடம் கொடுத்தார். அவர் அதைப் பிரித்துத் தன் கூட்டத்தின் வார்டு எண்களைச் சத்தமாக வாசித்தார். எல்லோருக்கும் தெரிந்ததைத்தான் வாசித்தார். குரல் வழக்கம்போல மைக் இல்லாமலே கேட்டது.

மன்றத்துக்கு மணியடித்தார்கள். எல்லோரும் எழுந்து போனார்கள். தங்கராஜ் அண்ணன் மட்டும் நின்றார்.

"மக்கா, ஒரு துண்டுக் கடலாசு தா."

என் குறிப்பேட்டின் ஓரத்தைக் கிழித்துக்கொடுத்தேன். என் பேனாவையே வாங்கி, பட்டாளத்தில் எழுதிப் பழகிய பெரிய பெரிய எண்களில் உன் வார்டை எழுதினார். நான்காக மடித்து டப்பாவில் போட்டார்.

"அண்ணே, இனி தவண வருமோ வராதோ தெரியாதுல்லா?"

"வந்தா மொதல்ல இது. வரல்லேன்னா கெடக்கட்டு." மூடியை உள்ளங்கையால் குத்தி இறுக்கினார். "காலி டப்பாவா வச்சா தூரப் போட்டுருவாவ."

மலைச்சரிவுக்கு இப்போது குழாய் போய்விட்டது. பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் என்று அங்கே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அது உண்மையில் நம் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான்; நான் யாரையும் திருத்தவில்லை. பிலோமி அக்கா உன்னைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் நான் தனியாகப் போகும் நாட்களிலும் மூன்று சாயா சொல்கிறார். மூன்றாவதைப் பக்கத்தில் சாளை விற்கும் பெண் குடித்துவிடுகிறாள்.

அடுத்த மானியம் பற்றி இன்னும் உறுதியான செய்தி இல்லை. வரும் என்கிறார்கள். வந்தாலும் விதிகள் எப்படி இருக்குமோ, அந்த நாற்காலிகளில் யார் உட்கார்ந்திருப்பார்களோ. புதிதாக வருகிறவர்களுக்கு இந்த டப்பாவைப் பற்றி யாராவது சொல்ல வேண்டும். அந்த வேலை எனக்கு வந்திருக்கிறது என்று நேற்றுதான் புரிந்தது. குலுக்கினால் ஒன்றும் இல்லாதது போலத்தான் இருக்கும். ஒற்றைத் தாள் சத்தம் போடாது.

ஸ்டூலிலிருந்து இறங்கிவந்த பெண்ணுக்கு முழுக்கதையும் சொன்னேன். வெள்ளையடிக்கிறவர்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். முடிந்ததும் அவள் ஒரு மார்க்கர் பேனாவை எடுத்து, டப்பாவின் மேல் பெரிதாக 'தூரப் போடக்கூடாது' என்று எழுதினாள். பிறகு கொஞ்சம் யோசித்து, அடியில் உன் வார்டு எண்ணையும் எழுதினாள்.

இப்போது மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது. மழை தொடங்குவதற்குள் கிளம்பினால் பெரிய ரோடு வழியாக நனையாமல் வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் நான் உன் தெரு வழியாகத்தான் போவேன், சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு.